அதே சேறு, வேறு கூழ்

பரிசோதனையில் கண்ட்ரோல் தப்பிப்போனால் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று எனக்குத் தெரியும். "கிட் சரியில்லை மேடம்" என்று உதட்டைப் பிதுக்கிவிட்டு அடுத்த டப்பாவை உடைப்பீர்கள். உடைக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உடைப்பதற்கு முன்னால் ஒரு டம்ளர் டீ குடியுங்கள் என்றுதான் சொல்கிறேன். அப்படி ஒரு டம்ளர் டீ ஆறுகிற நேரத்தில் ஒரு மனிதனின் தலை தப்பியதைப் பார்த்தவள் நான்.

கணக்குப் பிரிவிலிருந்தும் இரண்டு பேர் வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்காகக் கண்ட்ரோல் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். நோயாளியின் ரத்தத்தில் ஒரு நோய்க்கான எதிர்ப்புப் பொருள் இருக்கிறதா என்று பார்க்கும்போது, பக்கத்திலேயே அந்த நோய் வராத ஒருவரின் ரத்தத்தையும் வைத்துப் பார்ப்போம். நோயாளியுடையது மாற வேண்டும், மற்றது சும்மா இருக்க வேண்டும். சும்மா இருக்க வேண்டியதும் மாறிவிட்டால் பரிசோதனையில் ஏதோ கோளாறு. பாடப்புத்தகம் அப்படித்தான் சொல்கிறது, உங்கள் மேற்பார்வையாளரும் அப்படித்தான் சொல்வார்.

நான் தஞ்சாவூரில் வேலைக்குச் சேர்ந்தபோது ஆட்சி மாறிய புதிது. ஊர்ச் சுவர்களில் கறுப்பு சிவப்பு இன்னும் காயவில்லை. வயல் வரப்புகளில் வேறு கொடி, முழுச் சிவப்பு, ஏறிக்கொண்டிருந்தது. நான் கூத்தாநல்லூர்க்காரி. எங்கள் வீட்டுக்கு நெல் மூட்டையாக வரும், சோறாகத் தட்டுக்குப் போகும். நடுவில் என்ன நடக்கிறது என்று எங்களில் யாரும் கேட்டதில்லை. என்னைப் பெற்ற அத்தா ரங்கூனில் ஜவுளிக்கடை வைத்திருந்தவர். "பொம்பளப் புள்ளைய டாக்டருக்குப் படிக்க வெச்சா, அது எலி மூத்திரத்த ஆராய்ச்சி பண்ணுதாமே" என்று சொந்தக்காரர்கள் கேட்கும்போதெல்லாம், "அதுக்கும் ஆள் வேணும்ல" என்று சொல்லிவிட்டுப் பேப்பருக்குள் தலையை விட்டுக்கொள்வார்.

எலிக்காய்ச்சல்தான் என் வேலை. எலியின் சிறுநீரில் வெளியேறும் ஒரு பாக்டீரியா ஈரமண்ணில் காத்திருந்து, காலில் புண்ணோ கீறலோ இருந்தால் அதன் வழியாக உள்ளே போய்விடும். அந்தக் கிருமிகளை உயிரோடு வளர்த்துவைத்திருந்தேன். அவற்றுக்கு முயலின் ரத்தம் உறைந்தபின் மேலே தெளியும் நீர், அதாவது சீரம் வேண்டும். முயலுக்குக் கீரை வாங்கிப் போடுவதும் என் வேலையாகத்தான் இருந்தது. சந்தேகப்படும் ஆளின் சீரத்தை ஒரு சொட்டு இந்தக் கிருமிகளோடு சேர்ப்போம். எதிர்ப்புப் பொருள் இருந்தால், நீந்திக்கொண்டிருக்கிற கிருமிகள் திரிந்த பால் மாதிரி கட்டிகட்டியாகச் சேர்ந்துவிடும். இல்லையென்றால் அவை பாட்டுக்கு நீந்தும்.

அந்த ஆண்டு குறுவை அறுப்புக்கு முன்னாலேயே மழை முந்திக்கொண்டது. கணுக்கால் தண்ணீரில் கதிர் சாய்ந்து கிடந்தது. திருவாரூருக்குத் தெற்கே ஒரு கிராமத்தில், கூலியை உயர்த்தினால்தான் அரிவாளைத் தொடுவோம் என்று உள்ளூர் ஆட்கள் உட்கார்ந்துவிட்டார்கள். மிராசுதார் மசியவில்லை. ராமநாதபுரம் பக்கத்து வறண்ட சீமையிலிருந்து லாரியில் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கினார். தலைமுறையாக அவர் பண்ணையிலேயே கிடந்த உள்ளூர்ப் பண்ணையாட்கள் சிலரையும் மிரட்டி அவர்களோடு வயலில் இறக்கினார். எல்லோரும் ஒரே சேற்றில் நின்று அறுத்தார்கள். சாப்பாடு மட்டும் வேறு. வெளியூர்க்காரர்களுக்குக் களத்துமேட்டில் கூழ் காய்ச்சி ஊற்றினார்கள். பண்ணையாட்கள் தங்கள் வீட்டிலிருந்து கொண்டுவந்ததைக் குடித்தார்கள்.

அறுப்பு முடிகிற தறுவாயில் வெளியூர் ஆட்கள் ஒவ்வொருவராகச் சுருண்டு விழுந்தார்கள். எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்வதற்குள் இரண்டு பேர் செத்துப்போனார்கள். அன்றே மிராசுதாரின் காரியஸ்தர் போலீசுக்குப் போய், கூழ்ப்பானைக்குப் பக்கத்தில் கூலி உயர்வு கேட்ட சங்கத்துக்காரன் வீரையனைக் கண்ணால் பார்த்ததாக எழுதிக்கொடுத்தார். வீரையன் அங்கே போனது நிஜம். "எங்க வயித்துல அடிக்காதீங்கய்யா, ஊருக்குத் திரும்பிப் போயிருங்க" என்று கேட்கப் போனவன். பூச்சிமருந்தைக் கூழில் கலந்துவிட்டான் என்று வழக்கு. இரண்டு கொலை. நிரூபணமானால் கயிறுதான்.

வார்டுக்குப் போய்ப் பார்த்தேன். கண்கள் ரத்தச் சிவப்பு, அதற்குமேல் மஞ்சள். ஒரு பையனின் கெண்டைக்காலில் லேசாக விரலை வைத்தேன். "ஆத்தா!" என்று அவன் போட்ட சத்தத்தில் நர்ஸ் ஓடிவந்துவிட்டாள். எனக்குச் சந்தேகமே இல்லை. இது எலிக்காய்ச்சல். பூச்சிமருந்து குடித்தவன் இப்படி நாள்கணக்கில் காய்ச்சலில் வெந்து மஞ்சளாக மாட்டான்.

வாசலில் நின்ற இன்ஸ்பெக்டரிடம் அப்படியே சொன்னேன். அவர் கொடுமைக்காரர் இல்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"டாக்டரம்மா, எனக்கு ஒரே ஒரு சந்தேகம். சேத்துலேர்ந்து வந்த நோவுன்னா, அதே சேத்துல நின்ன பண்ணையாளுக்கு ஏன் ஒரு தும்மல்கூட வரல? சேறு ஒண்ணு, கூழுதான் வேற. அப்ப நோவு எந்தப் பக்கம் இருக்கு?"

எனக்குச் சுருக்கென்றது. அப்படிக் கேட்பதற்குத்தான் நம்மை இத்தனை வருஷம் படிக்கவைக்கிறார்கள், அந்த மனிதர் ஆஸ்பத்திரி வாசலில் நின்றபடி கேட்டுவிட்டார். "ரத்தத்துல பாத்துட்டுச் சொல்றேன்" என்று மட்டும் சொன்னேன். "சீக்கிரம் பாருங்க. மேலேர்ந்து மிராசுதாருக்காகவும் போன் வருது, சங்கத்துக்காகவும் வருது" என்றார்.

பார்த்தேன். நோயாளிகளின் சீரத்தில் கிருமிகள் கட்டிகட்டியாகச் சேர்ந்தன. அப்படியே எழுந்து குதிக்க வேண்டும்போல இருந்தது. அடுத்து கண்ட்ரோலை எடுத்து மைக்ராஸ்கோப்பின் கீழே வைத்தேன். அதிலும் கட்டி! கொஞ்சமாகத்தான், ஆனால் இருந்தது. வேறு குழாயில், வேறு உப்புக் கரைசலில், கையைக் கழுவிவிட்டுத் திரும்பச் செய்தேன். திரும்பவும் அதேதான்.

எங்கள் துறைத் தலைவர் வந்து குனிந்து பார்த்தார். அவரிடம் வேலை கற்றவர்கள் யாரும் அவரை மறக்க மாட்டார்கள், அவ்வளவு திட்டு வாங்கியிருப்பார்கள்.

"இந்த டெஸ்ட் செல்லாது ஜமீலா. 'கருத்துக் கூற இயலவில்லை'ன்னு எழுதிட்டு ஒதுங்கிக்கோ. மெட்ராஸ்லேர்ந்து ரசாயனப் பரிசோதனை ரிப்போர்ட் வரட்டும்."

"அது எப்ப சார் வரும்?"

"காவேரியில தண்ணி வர்றப்ப வரும். எனக்கென்ன தெரியும்?"

"அதுவரைக்கும் அந்த ஆளு உள்ளேயே கெடக்கணுமா?"

"கெடப்பான். நீ தப்பா ஒரு ரிப்போர்ட் குடுத்து, கோர்ட்டுல அத வக்கீல் கிழிச்சான்னா, அப்புறம் எப்பவும் வெளிய வரமாட்டான். எது தேவலாம், நீயே சொல்லு."

கோபம் வந்தது. அவர் சொன்னதில் நியாயம் இருந்ததால் இன்னும் அதிகமாக வந்தது. குழாய்களைச் சாய்த்துக் கொட்டிவிடலாம் என்று எழுந்தபோதுதான் கலியமூர்த்தி டீ கொண்டுவந்தார். எங்கள் அட்டெண்டர். ஆள் கல்தூண் மாதிரி இருப்பார், ஒரு நாள் காய்ச்சல் என்று லீவு போட்டதில்லை. அதனாலேயே எங்கள் கூடத்தில் எந்தப் பரிசோதனையானாலும் கண்ட்ரோல் ரத்தம் அவருடையதுதான். இந்த முறையும் அவருடையதுதான்.

டம்ளரை வைத்துவிட்டுப் போகாமல் நின்றார்.

"ஏம்மா, என் ரத்தம் கெட்டுப்போச்சுன்னு உள்ள பேசிக்கிறாங்களே. எனக்கு ஒண்ணும் இல்லியே?"

"உங்களுக்கு ஒண்ணும் இல்ல கலியமூர்த்தி. டெஸ்டுதான் கெட்டுப்போச்சு."

"இல்ல, கால்ல சேத்துப்புண்ணு இருக்கு. அதுனால இருக்குமோன்னு பாத்தேன்."

"சேத்துப்புண்ணா? ஆஸ்பத்திரியில ஏதுய்யா சேறு?"

"நல்லா கேட்டீங்க போங்க. பாபநாசத்துல நமக்கு ரெண்டு மா நெலம் கெடக்குல்ல? ஞாயித்துக்கிழமை ஆனா அங்கதான். பொறந்ததுலேர்ந்து சேத்துல கெடக்குற ஒடம்பும்மா இது."

டீ ஆறிப்போனது. நான் குடிக்கவில்லை, அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாவம், மனிதர் பயந்துவிட்டார்.

எங்கள் முறை கடல் தாண்டி வந்த முறை. ஆரோக்கியமான ஆளாகப் பார்த்துக் கண்ட்ரோலாக வை என்று அதில் எழுதியிருந்தது. நாங்களும் வைத்தோம். டெல்டாவில் ஒருவன் ஆரோக்கியமாக நடமாடுகிறான் என்றால், சேற்றில் இருக்கிற இந்த நோயைச் சின்ன வயதிலேயே தாண்டி வந்தவனாகவும் இருக்கலாம். அதை எழுதிய வெள்ளைக்காரருக்கு அது தெரிய நியாயமில்லை. நெல்லுக்கு நடுவில் உட்கார்ந்திருந்த எங்களுக்கும் தெரியவில்லை. உடம்பு ஒருமுறை சண்டைபோட்ட கிருமியை ஞாபகம் வைத்துக்கொள்ளும், மறுபடி வந்தால் வாசலிலேயே மடக்கும். இதை நான் மாணவர்களுக்குக் கரும்பலகையில் படம் போட்டுச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவள். கலியமூர்த்தியின் ரத்தம் கெட்டுப்போகவில்லை. அது இன்ஸ்பெக்டரின் கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறது.

உடனே என் கையிலிருந்தே ரத்தம் எடுத்துப் பார்த்தேன். வயலில் கால் வைக்காத கூத்தாநல்லூர் ரத்தம். அதில் கிருமிகள் கல்யாண வீட்டுப் பிள்ளைகள் மாதிரி ஓடி விளையாடின. பரிசோதனையில் ஒரு கோளாறும் இல்லை.

தலைவரிடம் ஓடினேன். அவர் முழுக்கக் கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒரு கலியமூர்த்திய வெச்சுக்கிட்டுக் கோர்ட்டுல நிக்க முடியுமா?"

"முடியாது சார். அந்த ஊர்ப் பண்ணையாட்கள், அவங்க தெரு ஜனங்க, எல்லாரோட ரத்தமும் வேணும்."

"அவங்க ரத்தத்துல இல்லேன்னு வந்தா?"

நான் யோசிக்காத ஒன்றை அவர் யோசித்திருந்தார். இதுவரை அரசுத் தரப்பிடம் இருந்தது காரியஸ்தரின் வாய்ச்சொல் மட்டும்தான். அந்த ரத்தத்தில் எதுவும் இல்லை என்று வந்துவிட்டால், உள்ளூர்க்காரர்கள் தப்பித்ததற்குக் கூழைத் தவிர வேறு காரணமே இல்லை என்று ஆய்வுக்கூடமே எழுதிக்கொடுத்ததாகிவிடும். வீரையனைக் காப்பாற்றப் போகிறேன் என்று கிளம்பி, அவன் கழுத்தில் நானே சுருக்குப் போட்டுவிட்டு வரலாம்.

இந்த இடத்தில் நீங்கள் என்ன செய்வீர்கள்? நான் போனேன். பார்த்துச் சொல்வதுதான் நம் வேலை. நமக்குப் பிடித்த பதில் வரும் என்று தெரிந்தால் மட்டும் பார்ப்பது வக்கீல் வேலை.

இன்ஸ்பெக்டர் ஜீப் தருகிறேன் என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கலியமூர்த்தியோடு பஸ்ஸில் போனேன். போலீஸ் ஜீப்பில் போயிருந்தால் அந்தத் தெருவில் ஒரு ஈ குஞ்சுகூட இருந்திருக்காது.

அந்தக் காலத்தில் அதிகாரி யார் ஊருக்குள் வந்தாலும் முதலில் மிராசுதார் வீட்டில் காப்பி குடித்துவிட்டுத்தான் மற்ற வேலை. அம்மை குத்த வருகிறவர்கூட அப்படித்தான். அதற்குப் பிறகு அவர் எந்தத் தெருவுக்குப் போனாலும் அந்தக் காப்பியின் வாசனை கூடவே போகும். பஸ்ஸைவிட்டு இறங்கியதுமே காரியஸ்தர் குடையோடு நின்றார்.

"வாங்கம்மா, பெரிய வீட்டுல டிபன் தயாரா இருக்கு. ஐயா காத்துக்கிட்டிருக்காங்க. ஆளுங்கள நாங்களே அங்க வரச்சொல்றோம், நீங்க ஏன் சேத்துல நடக்கணும்?"

"எனக்குச் சேறுதாங்க வேலை" என்று சொல்லிவிட்டு நடந்தேன். அவர் முகம் சுண்டிப்போனது. மறுவாரமே என்மேல் ஒரு புகார் போனது, நான் சிவப்புக் கொடிக்காரி என்று. கூத்தாநல்லூரில் அத்தா அதைக் கேட்டுச் சிரித்த சிரிப்பு!

வீரையனின் மனைவி தனபாக்கியம் குடிசை வாசலில் நின்றாள். பின்னால் தெருவே நின்றது.

"ரத்தம் எதுக்கும்மா? விஷம் வெச்ச கை எதுன்னு அதுல தெரியுமா?"

சொன்னேன். சேற்றில் ஒரு நோய் இருக்கிறது, உங்கள் உடம்பு அதை முன்பே பார்த்திருந்தால் அதன் அடையாளம் ரத்தத்தில் இருக்கும், இருந்தால் கூழில் விஷம் இல்லாமலேயே அவர்கள் செத்ததற்குக் காரணம் சொல்ல முடியும் என்றேன்.

"இல்லாட்டி?"

"இல்லேன்னு எழுதுவேன்."

"இல்லேன்னு எழுதுனா எங்க வீட்டுக்காரர் என்ன ஆவாரு?"

"அவருக்குக் கெடுதல்தாம்மா."

ஒரு கிழவர், "அப்ப எதுக்கும்மா வந்த? போ, போ" என்று கத்தினார். எப்படியும் நல்லபடியாக வரும், பயப்படாதீர்கள் என்று ஒரு பொய்யைச் சொல்லியிருந்தால் அப்போதே எல்லாக் கையும் நீண்டிருக்கும். அது வாய்வரைக்கும் வந்தது. கஷ்டப்பட்டு விழுங்கினேன்.

தனபாக்கியம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கையை நீட்டினாள். "எடுங்க. இந்த ஊருக்கு வந்த யாரும் கெடுதலும் வரும்னு எங்ககிட்ட சொன்னதில்ல" என்றாள். அவளுக்குப் பின்னால் பண்ணையாட்கள் வந்தார்கள். கடைசியில் அந்தக் கிழவரும் வந்தார், திட்டிக்கொண்டே.

குழாய்களில் நான் பெயர் எழுதவில்லை. தஞ்சாவூர் டவுனில் கடை வைத்திருப்பவர்கள், குமாஸ்தாக்கள் எனச் சிலருடைய ரத்தத்தையும் சேர்த்துக் கலந்து, வெறும் எண் மட்டும் போட்டுத் தலைவர் முன்னால் வைத்தேன். "நீங்கதான் சார் படிக்கணும். எனக்கு இது இருக்கணும்னு ஆசையா இருக்கு, என் கண்ண நான் நம்பமாட்டேன்." அவர் என்னைத் திட்டாமல் மைக்ராஸ்கோப்பின் முன்னால் உட்கார்ந்த ஒரே நாள் அதுதான். ஒவ்வொன்றாகச் சொன்னார்: கட்டி, இல்லை, கட்டி, கட்டி. நான் பக்கத்து அறையில் நின்றபடி துஆ ஓதிக்கொண்டிருந்தேன். விஞ்ஞானிக்கு அது அழகா என்று கேட்காதீர்கள்.

எண்களைப் பெயர்களோடு சேர்த்துப் பார்த்தபோது, அந்தத் தெருவுடையதில் பெரும்பாலானவற்றில் கட்டி சேர்ந்திருந்தது. டவுன்காரர்களிடம் இல்லை. வார்டில் பிழைத்துக் கிடந்த வெளியூர் ஆட்களிடம் மறுபடியும் ரத்தம் எடுத்தோம். முதல் ரத்தத்தைவிட இரண்டாவதில் எதிர்ப்புப் பொருள் மளமளவென்று ஏறியிருந்தது, அவர்களுக்கு நோய் புதிது. தெருக்காரர்களிடமும் இரண்டாம் முறை எடுத்தோம். ஏறவில்லை, இறங்கவில்லை. அவர்களுடையது பழைய கணக்கு.

தலைவர் என் அறிக்கையைப் படித்துவிட்டு என் கையெழுத்துக்கு மேலே தன் கையெழுத்தைப் போட்டார். "திட்டு வந்தா மொதல்ல எனக்கு வரட்டும்" என்றார்.

இன்ஸ்பெக்டர் அதை இரண்டு தடவை படித்தார். "அப்ப கூழுல ஒண்ணும் இல்லியா?"

"கூழ நான் பாக்கல சார். நோவு சேத்துலேர்ந்து வந்தது. அத மட்டும்தான் என்னால சொல்ல முடியும்."

"போதும்" என்றார்.

வீரையனுக்கு ஜாமீன் கிடைத்தது. மெட்ராஸ் அறிக்கையும் ஒருவழியாக வந்தது, விஷம் எதுவும் இல்லை என்று. வழக்கைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். முயல்களுக்குக்கூட அன்று கேரட் வாங்கிப் போட்டேன்.

பொங்கல் கழிந்து ஒரு நாள் வீரையனும் தனபாக்கியமும் ஆய்வுக்கூடத்துக்கு வந்தார்கள். நன்றி சொல்ல வந்திருக்கிறார்கள் என்று நினைத்து நாற்காலியை இழுத்துப்போட்டேன். இருவரும் உட்காரவில்லை. வீரையன்தான் ஆரம்பித்தான்.

"எங்க தெருவுக்கு அந்த நோவு முன்னாடியே வந்து போயிருக்குன்னு எழுதியிருக்கீங்களாம். வக்கீலய்யா படிச்சுச் சொன்னாரு."

"ஆமாப்பா."

"அந்த நோவு வந்தவங்க எல்லாரும் பொழைச்சிருவாங்களா?"

எதற்குக் கேட்கிறான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. "இல்ல" என்றேன்.

தனபாக்கியம் பேசினாள். சத்தமே இல்லாத குரல். "எங்க மூத்தவன், நடவு நேரத்துல காச்சல்னு படுத்தான். கண்ணு மஞ்சளாச்சு. மூக்குல ரத்தமா வந்துச்சு. காமாலைன்னாங்க. கீழாநெல்லி அரைச்சுக் குடுத்தோம், மந்திரிச்சுக் கயிறு கட்டினோம். இது அதுதானாம்மா?"

அதுதான் என்று என் மனது சொன்னது. ஆனால் பார்ப்பதற்கு என்னிடம் ரத்தம் இல்லை. "இருக்கலாம்மா. உறுதியா சொல்ல முடியல. அப்ப ரத்தம் எடுத்திருந்தா சொல்லியிருப்பேன்" என்றேன்.

"அப்ப யாரும் வரலியே" என்றாள். குற்றம் சாட்டும் குரல்கூட இல்லை. நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். இருவரும் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன். அத்தனை ரத்தத்திலும் நான் கண்டுபிடித்தது ஒருவனைக் காப்பாற்றுகிற சாட்சி என்றுதான் நினைத்திருந்தேன். அந்தத் தெருவில் பிழைத்தவர்களின் ரத்தத்தை மட்டும்தான் எடுத்திருக்கிறேன் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

அடுத்த குறுவை நடவுக்கு யாரும் கூப்பிடாமலேயே அந்தத் தெருவுக்குப் போனேன். கையில் அந்தக் காய்ச்சலுக்கு மருந்தான பென்சிலின் இருந்தது, ரத்தம் எடுக்கிற பெட்டியும் இருந்தது. தனபாக்கியம் நடவிலிருந்து சேற்றுக்காலோடு ஏறி வந்துகொண்டிருந்தாள். பெட்டியைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"இப்ப யாரு மேலம்மா கேஸு?" என்று கேட்டாள்.